பயிர் நிவாரணம் யார் அக்கவுண்டுக்குப் போகுது?

இந்த எபிசோட் ஒரு எஸ்எம்எஸ்ல ஆரம்பிக்குது.

2023-ல ஒரு நாள் காலையில, ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடுவுல அப்பா போன் பண்ணார். "டேய், அக்கவுண்ட்ல 16,200 ரூபா ஏறியிருக்குடா. யார் போட்டாங்கன்னே தெரியல." நான் வழக்கமா எல்லா பிள்ளைகளும் சொல்றதைச் சொன்னேன்: "லிங்க் ஏதாவது வந்திருந்தா தொட்டுடாதீங்க, ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க." சாயங்காலம் பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தப்போதான் புரிஞ்சுது. அது மோசடி இல்லை, அரசாங்கப் பணம். பிப்ரவரி மாசம் பெஞ்ச மழையில எங்க வயல் நெல் சாஞ்சுபோனதுக்கு வந்த பயிர் நிவாரணம்.

இதுல ஒரே ஒரு சிக்கல். அந்த நெல்லை எங்க அப்பா பயிர் பண்ணல.

எங்களுக்கு தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டை பக்கம் ஆறு மா நிலம் இருக்கு. 'மா'ன்னா என்னன்னு சிட்டி பசங்க கேட்பீங்க, அதனால சொல்லிடறேன். டெல்டாவில் ஒரு ஏக்கருக்கு மூணு மா, இருபது மா சேர்ந்தா ஒரு வேலி. ஆக ஆறு மான்னா ரெண்டு ஏக்கர். தாத்தா இருந்தவரைக்கும் அவர் பார்த்தார். அப்பா வேலைக்காக சென்னைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ அந்த வயலைப் பார்க்கிறது ஊர்ல இருக்கிற ஒரு அண்ணன். குத்தகைதான், ஆனா பேப்பர்ல எதுவும் இல்லை. வருஷத்துக்கு இத்தனை மூட்டைன்னு தாத்தா காலத்துப் பேச்சு, அவ்வளவுதான். விதை வாங்கினது, நாத்து விட்டது, நடவுக்கு ஆள் கூப்பிட்டது, உரம், மருந்து, அதுக்கு வாங்கின கடன் எல்லாமே அவர். பிப்ரவரி முதல் வாரம் அறுவடைக்குத் தயாரா நின்ன கதிர் தண்ணியில படுத்துக் கிடந்தப்போ வரப்புல நின்னவரும் அவர்தான். பணம் வந்தது தாம்பரத்துல இருக்கிற எங்க அப்பாவுக்கு.

எப்படி இப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல்தான் இன்னிக்கு எபிசோட். நான் எழுதறது கோடு. எங்கேயாவது தப்பா டேட்டா வந்தா, பைப்லைன்ல பின்னாடி போய்ப் பார்க்கறது பழக்கம். இங்கேயும் அதையேதான் செஞ்சேன்.

முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு வெச்சுப்போம். நியூஸ்ல 'விவசாயிகளுக்கு இழப்பீடு'ன்னு ஒரே வார்த்தையா வரும். உள்ளே அது ரெண்டு தனித்தனி பணம். ஒண்ணு நிவாரணம்: அரசாங்கம் பேரிடர் நிதியில இருந்து கொடுக்கிறது, இதுக்கு விவசாயி முன்கூட்டி எதுவும் கட்ட வேண்டாம். இன்னொண்ணு காப்பீடு: பிரீமியம் கட்டினவங்களுக்கு மட்டும், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது. ஒரே வெள்ளத்துக்கு ரெண்டும் வரலாம், ஒண்ணு மட்டும் வரலாம், ரெண்டுமே வராமலும் போகலாம்.

நிவாரணத்தை முதல்ல பார்ப்போம்.

2005-ல வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலயும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதின்னு ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு மாதிரி மாநிலங்களுக்கு அதுல 75 சதவீதம் மத்திய அரசு போடும், 25 சதவீதம் மாநிலம் போடும். அந்தப் பணத்துல எதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு மத்திய உள்துறை ஒரு விலைப்பட்டியல் மாதிரி வெச்சிருக்கு. மாடு செத்தா இவ்வளவு, குடிசை போனா இவ்வளவு, வயல் போனா இவ்வளவு. 2022-ல இருந்து பாசன வசதி உள்ள பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிக்கு 8,500. தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு 22,500. அதுவும் ஒருத்தருக்கு அதிகபட்சம் ரெண்டு ஹெக்டேர் வரைக்கும். இந்தப் பட்டியல்ல இதுக்குப் பேரு 'இடுபொருள் மானியம்'. பேரை நல்லா கவனிங்க. நெல்லோட விலையை ஈடுகட்டுறது இதோட நோக்கமே கிடையாது. அடுத்த தடவை விதை, உரம் வாங்க ஒரு கை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மாநில அரசு விரும்பினா தன் கையில இருந்து கூடப் போடலாம். 2021 ஜனவரியில, நிவர், புரெவி புயல்களுக்கு அப்புறம், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நெல்லுக்கான தொகையை 13,500-லிருந்து 20,000 ஆக்கினார். ரெண்டு ஹெக்டேர் வரம்பையும் அப்போ எடுத்தாங்க. 2023 பிப்ரவரி மழைக்கு அப்போதைய முதல்வர் ஸ்டாலின் அதே 20,000 அறிவிச்சார். எங்க அப்பாவுக்கு வந்தது இதுதான். ரெண்டு ஏக்கர்னா பட்டாவில் 0.81 ஹெக்டேர், அதை 20,000-ஆல பெருக்கினா 16,200.

அதே 2023-லயே அக்டோபர்ல கதை தலைகீழா மாறுச்சு. கர்நாடகாவில் இருந்து தண்ணி வரலை, மேட்டூர் அணையை மூடினாங்க, டெல்டாவில் குறுவை காஞ்சுது. அதுக்கு அறிவிச்ச நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500. அடுத்த வருஷம், 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு 17,000. ஒரே மாதிரி வயல், ரெண்டே வருஷத்துல மூணு ரேட். மூழ்கின நெல்லுக்கும் காஞ்ச நெல்லுக்கும் விதைச் செலவு வேறயா என்னன்னு கேட்டா, இல்லை. ரேட்டை முடிவு பண்றது வயல் கிடையாது. அந்த வருஷத்து நிதி நிலைமை, அரசியல், பட்டியல் இதெல்லாம்தான்.

ஹெக்டேர்ல கேட்டா 20,000 பெருசா தெரியும். டெல்டாவில் யாரும் ஹெக்டேர்ல பேச மாட்டாங்க. ஏக்கருக்கு மாத்தினா ஏறக்குறைய 8,100. மாவுக்கு 2,700. அண்ணன் சொல்ற கணக்குப்படி அந்த சம்பாவுக்கு ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்கு மேல ஏற்கெனவே இறங்கியிருந்துச்சு. அவர் போட்டிருந்தது ஆயிரத்தொன்பது, நூத்தம்பது நாளைத் தாண்டுற ரகம். அஞ்சு மாசம் காத்திருந்து கடைசிப் பத்து நாள்ல போச்சு.

சரி, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லைன்னு எப்படி முடிவு பண்றாங்க? இங்கதான் அந்த 33 சதவீதம் வருது.

பயிர்ல 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம் ஆகியிருந்தா நிவாரணம் உண்டு. 32-ன்னா ஒண்ணும் இல்லை. கோடு எழுதறவங்களுக்கு இது பழக்கமான விஷயம், ஒரே ஒரு இஃப் கண்டிஷன். 33-ஐத் தாண்டிட்டா 40 போனவருக்கும் முழுசா போனவருக்கும் ஒரே ரேட். 2015-க்கு முன்னாடி இந்த எல்லை 50 சதவீதமா இருந்துச்சு, பாதி வயல் மிஞ்சினவருக்கு எதுவும் கிடைக்காது. அந்த வகையில இப்போ பரவாயில்லை.

ஆனா அந்த சதவீதத்தை அளக்கிறது எந்த மெஷினும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ, அவரோட வேளாண்மைத் துறையிலிருந்து உதவி வேளாண்மை அலுவலர், ரெண்டு பேரும் சேர்ந்து வயல் வயலா போய்ப் பார்த்து எழுதணும். ஒரு விஏஓகிட்ட சில சமயம் ரெண்டு கிராமம் இருக்கும். தண்ணி வடியறதுக்கு முன்னாடி போனா எவ்வளவு போச்சுன்னு தெரியாது. வடிஞ்ச பிறகு போனா, பாதி வயல்ல நெல் நிமிர்ந்து நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா கதிர் முளைச்சிருக்கும். சாஞ்ச நெல் ஈரத்துல மூணு நாள் கிடந்தாலே முளை விட ஆரம்பிச்சிடும். ரோட்டுல இருந்து பார்த்தா பச்சையா, அழகா இருக்கும். கொள்முதல் நிலையத்துல கையில எடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் அது நெல்லே இல்லைன்னு தெரியும்.

அவங்களைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லலை. ரெண்டு பேர், நோட்டு, ஒரு வண்டி, சில நூறு ஏக்கர், ஒரு வாரக் கெடு. நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு ஸ்பிரின்ட் கொடுத்தா நாம என்ன பண்ணுவோம்னு யோசிச்சுக்கோங்க.

அந்தக் கணக்கெடுப்பு மேலே போகும். வட்டாரம், மாவட்ட ஆட்சியர், சென்னை, அரசாணை, அப்புறம் நேரா வங்கிக் கணக்கு. இடையில யாரும் கை வைக்க முடியாது. இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், அதை ஒத்துக்கணும். ஆனா பைப்லைனோட கடைசி ஸ்டெப் எவ்வளவு சுத்தமா இருந்தாலும், முதல் ஸ்டெப்ல எந்தப் பேர் எழுதப்பட்டிருக்கோ அவருக்குத்தான் பணம் போகும். அந்தப் பேர் எங்கிருந்து வருது?

பட்டாவுல இருந்தும், அடங்கல்ல இருந்தும்.

பட்டா எல்லாருக்கும் தெரியும், நிலம் யாருதுன்னு சொல்றது. அடங்கல் அவ்வளவா தெரியாது. எந்த சர்வே நம்பர்ல, எந்தப் போகத்துல, யார், என்ன பயிர் வெச்சிருக்காங்கன்னு விஏஓ எழுதற பதிவேடு அது. அதுக்கு வருஷம் ஜனவரியில தொடங்காது, ஜூலை 1-ல தொடங்கும். பசலி ஆண்டு. 2024 ஜூலையில ஆரம்பிச்சது பசலி 1434. முகலாயர் காலத்துக் காலண்டர் நம்ம கிராம ஆபீஸ்ல இன்னும் ஓடிட்டு இருக்கு.

இந்த இடத்துல எனக்கு ஒண்ணு உறைச்சுது. பட்டா, அடங்கல், ஜமாபந்தி, பசலி, இதையெல்லாம் எதுக்கு உருவாக்கினாங்க? வரி வசூலிக்க. பிரிட்டிஷ்காரங்க ரயத்துவாரி முறையில நேரா பட்டாதாரர்கிட்ட கிஸ்தி வாங்கினாங்க. வெள்ளமோ வறட்சியோ வந்து வெள்ளாமை போனா, அந்த வருஷக் கிஸ்தியைத் தள்ளுபடி பண்ணுவாங்க. வரி கட்டுறவர் பட்டாதாரர், அதனால தள்ளுபடியும் பட்டாதாரருக்கு. அந்தக் கணக்குல நியாயம் இருந்துச்சு. வயல்ல இறங்கி உழுதவர் யாருங்கிற கேள்வி அந்த டேட்டாபேஸுக்குத் தேவையே படல.

இன்னிக்கு கிஸ்தி பேருக்குத்தான் இருக்கு. பணம் போற திசை மாறிடுச்சு, குடிமக்கள்கிட்ட இருந்து அரசுக்குப் போனது இப்போ அரசுகிட்ட இருந்து குடிமக்களுக்கு வருது. டேபிள் மட்டும் அதே டேபிள். வரி வாங்கறதுக்காகக் கட்டின டேட்டாபேஸை வெச்சு நிவாரணம் கொடுத்துட்டு இருக்கோம்.

அப்போ அடங்கல்ல பயிர் செய்யறவர் பேரை எழுதிட்டா முடிஞ்சுதேன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "நிலம் போயிடும்டா"ன்னார்.

அந்த பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. தஞ்சாவூர்ல பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் நினைச்ச நேரத்துல விரட்டப்பட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. அதைத் தடுக்க 1952-ல தஞ்சாவூருக்குன்னே ஒரு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1955-ல மாநிலம் முழுக்க சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-ல குத்தகை உரிமையைப் பதிவு செய்யற சட்டம். பதிவான குத்தகைதாரரைச் சும்மா வெளியேத்த முடியாது. அந்தக் காலத்துல ரத்தம் சிந்தி வாங்கின உரிமை அது, நல்ல சட்டம்தான்.

ஆனா அதுக்கு நில உரிமையாளர்கள் கண்டுபிடிச்ச பதில் ரொம்ப சிம்பிள்: எழுதாதே. வாய்ப்பேச்சு போதும். ரசீது வேண்டாம், அடங்கல்ல பேர் வேண்டாம். குத்தகைதாரரைக் காப்பாத்த வந்த சட்டமே அவர் பேர் எந்த ரெக்கார்டுலயும் வராம இருக்கிறதுக்கு ஒரு காரணமா ஆயிடுச்சு. 'நிலம் போயிடும்'னு பயப்படற அப்பாக்கள் இன்னிக்கு சென்னை, பெங்களூரு, துபாய்னு எல்லா இடத்துலயும் இருக்காங்க. இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல சிலரோட வீட்டுலயும் இருக்கலாம்.

கோவில் நிலம் இன்னொரு ரகம். டெல்டாவில் கோவில்களுக்கும் மடங்களுக்கும் ஏராளமான நஞ்சை இருக்கு. பட்டா சாமி பேர்ல இருக்கும். சாமிக்கு ஆதாரும் கிடையாது, ஓடிபி வர போனும் கிடையாது. அதனால பயிர் செய்யறவர் தான்தான் குத்தகைதாரர்னு ஒரு சான்று காட்டணும். பதிவு தாத்தா பேர்லயே நின்னுபோய் இருந்தாலோ, குத்தகை பாக்கி இருந்தாலோ, அந்தச் சான்றைக் கேட்கப் போறதுக்கே ஆளுங்க தயங்குவாங்க.

இவங்க எல்லாருக்கும் கீழ இன்னும் ஒருத்தர் இருக்காங்க. நடவு நட்டு, களை எடுத்த பெண்கள், வண்டி இறங்காத வயல்ல அரிவாள் பிடிக்கிறவங்க. வயல் மூழ்கினா அவங்க கூலியும் மூழ்கும். ஹெக்டேர் கணக்குல அவங்களுக்குன்னு ஒரு காலமே இல்லை. 2017 ஜனவரியில, ஓ. பன்னீர்செல்வம் முதல்வரா இருந்தப்போ, மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தாங்க. கூடவே நூறு நாள் வேலையை 150 நாள் ஆக்கறதா சொன்னாங்க. கூலிக்காரங்க பக்கம் திரும்பின அறிவிப்புன்னு பார்த்தா எனக்கு ஞாபகம் வர்றது அது ஒண்ணுதான்.

இப்போ காப்பீட்டுக்கு வருவோம். இது கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கோங்க.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல வந்துச்சு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டறது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம். தஞ்சாவூர்ல ஏக்கருக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல வரும். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும். வழக்கமா நவம்பர் 15-க்குள்ள கட்டணும், அந்தக் கடைசி வாரத்துல பொது சேவை மையங்கள் வாசல்ல நிக்கிற வரிசையை டெல்டாக்காரங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க.

இதுல பல பேருக்குத் தெரியாத விஷயம், காப்பீடு செய்யப்படறது உங்க வயல் கிடையாது. உங்க வருவாய் கிராமம். கிராமத்துல நாலு இடத்தை ரேண்டம் நம்பர் வெச்சுத் தேர்ந்தெடுப்பாங்க. ஒவ்வொரு இடத்திலயும் அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கிற நெல்லை அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. இதுக்குப் பேரு பயிர் அறுவடைப் பரிசோதனை. நாலையும் சேர்த்தா நூறு சதுர மீட்டர், ஒரு பெரிய ஃபிளாட் சைஸ். அந்த நூறு சதுர மீட்டர்தான் மொத்த கிராமத்தோட விளைச்சலையும் சொல்லணும். பல வருஷ சராசரியை வெச்சு ஒரு இலக்கு விளைச்சல் போட்டிருப்பாங்க. சும்மா ஒரு உதாரணத்துக்கு, இலக்கு 2,000 கிலோ, பரிசோதனையில வந்தது 1,500 கிலோன்னா, 25 சதவீதம் குறைவு, அதனால காப்பீட்டுத் தொகையில 25 சதவீதம் கிராமத்துல பிரீமியம் கட்டின எல்லாருக்கும் வரும். வந்தது 2,050-ன்னா யாருக்கும் இல்லை, ஆத்தோரம் இருந்த பள்ள வயல் முழுசா அழுகிப் போயிருந்தாலும்.

'பக்கத்து ஊருக்கு வந்துச்சு, எங்க ஊருக்கு வரல'ன்னு ஒவ்வொரு வருஷமும் கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற போராட்டத்துக்குப் பின்னாடி இருக்கிறது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். சராசரிங்கிறது புள்ளியியலுக்கு சரி. பள்ளக்கால் வயல் வெச்சிருக்கிறவருக்கு அது சரியா இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தனி வயலுக்கு இழப்பீடு கேட்க இந்தத் திட்டத்துல ஒரு வழி இருக்கு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு மாதிரி வந்தா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், வந்து பார்ப்பாங்க. வெள்ளம் சூழ்றதும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. ஆனா 2018-ல விதியை மாத்தினப்போ நெல்லை அதுல இருந்து எடுத்துட்டாங்க. நெல் தண்ணியில வளர்ற பயிர்தானேங்கிறதுதான் காரணம்! கணுக்கால் தண்ணியில நெல் வளரும், சரி. கழுத்துவரை தண்ணியில அஞ்சு நாள் வளருமா? 2022 நவம்பர் 11-ல சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை பெஞ்சுது. அந்தத் தண்ணியில நின்ன இளம் சம்பாவைப் பார்த்தவங்க யாரும் இப்படி ஒரு விதியை எழுதியிருக்க மாட்டாங்க. கடைசியா 2025 நவம்பர்ல மத்திய வேளாண் அமைச்சகம் நெல்லைத் திரும்பச் சேர்க்கறதா அறிவிச்சுது, 2026 காரிஃப் பருவத்துல இருந்து. இடையில போன வருஷங்கள் போனதுதான்.

ஆனா ஒரு நல்ல விஷயம் சொல்லணும். காப்பீட்டுல குத்தகைதாரரும் சேரலாம். திட்ட விதியிலேயே இருக்கு. என்ன வேணும்? அவர் பேர்ல அடங்கல். திரும்பவும் அதே கதவுக்கு வந்து நிக்கறோம். பிரதமர் கிசான் திட்டத்துல, வருஷம் 6,000 ரூபாய், அந்த வழியும் இல்லை. அது நிலம் பேர்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்.

இதை வேற எங்கேயாவது வேற மாதிரி செய்யறாங்களான்னு தேடினேன். அமெரிக்காவில் பேரிடர் உதவி வாங்க, நிலம் உங்க பேர்ல இருக்கான்னு கேட்டு நிறுத்தறதில்லை. விளைச்சல்ல உங்களுக்குப் பங்கு இருக்கா, நஷ்டம் வந்தா அதுல உங்களுக்கும் பங்கு இருக்கான்னு பார்க்கறாங்க. ரொக்கக் குத்தகைக்கு விட்டுட்டு ஊர்ல இல்லாத நில உரிமையாளருக்கு, என்ன ஆனாலும் அவர் வாடகை வந்துடும், அதனால அவருக்கு நிவாரணம் இல்லை. வாரத்துக்கு விட்டிருந்தா ரெண்டு பேருக்கும் அவங்கவங்க பங்குக்கு ஏத்த மாதிரி.

அவங்க எடுத்தவுடனே இதைக் கத்துக்கலை. 1933-ல பருத்தி விலை விழுந்தப்போ, சாகுபடியைக் குறைச்சா பணம்னு அரசு சொல்லுச்சு. ஒப்பந்தம் நில உரிமையாளரோட. அவர் தன்கிட்ட இருக்கிற வாரதாரர்களுக்குப் பங்கு கொடுக்கணும்னு ஏற்பாடு. நிறைய பேர் கொடுக்கல. அதுக்கும் மேல, சாகுபடி குறைஞ்சதால ஆள் எதுக்குன்னு வெளியேத்தினாங்க. 1934-ல ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே ஒரு குத்தகை விவசாயிகள் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. இனப்பிரிவினை உச்சத்துல இருந்த தென் மாநிலத்துல இது சின்ன விஷயம் இல்லை.

இங்கேயே பக்கத்துலயும் முயற்சிகள் இருக்கு. ஒடிசாவில் 2018 கடைசியில் அறிவிச்ச காலியா திட்டத்துல வாரதாரர்களையும் நிலமில்லாதவங்களையும் சேர்த்தாங்க. ஆந்திராவில் 2019-ல ஒரு சட்டம்: பதினொரு மாசத்துக்கு மட்டும் சாகுபடியாளர் அட்டை. நில உரிமை மாறாது, ஆனா கடன், காப்பீடு, நிவாரணம் பயிர் செய்யறவருக்கு. எங்க அப்பா பயத்துக்கு சரியான மருந்து மாதிரி இருக்கு, இல்லையா? அதுலயும் ஒரு சிக்கல். நில உரிமையாளர் கையெழுத்துப் போடணும்.

தமிழ்நாட்டுல இப்போ அடங்கலை டிஜிட்டல் ஆக்கறாங்க. 2024-ல டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள்கூட மொபைலோட வயல்ல இறங்கினாங்க. 2025-ல இருந்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண்ணும் வருது, நிலப் பதிவேட்டை ஆதாரமா வெச்சு. எனக்கு டெக்னாலஜி மேல எந்த வெறுப்பும் இல்லை, அதுதான் எனக்குச் சோறு போடுது. ஆனா பழைய டேபிளை அப்படியே கிளவுடுக்கு மைக்ரேட் பண்ணினா, அதுல இல்லாத ஆள் கிளவுடுலயும் இருக்க மாட்டார். முன்னாடியாவது விஏஓ ஊர்க்காரர், யார் உழறாங்கன்னு அவருக்குத் தெரியும், மனசு வெச்சா ஏதாவது பண்ணுவார். ஆப்ல அந்த 'தெரியும்'ங்கிறதுக்கு ஒரு ஃபீல்டு வெச்சாதான் உண்டு.

சரி, அந்த 16,200-க்கு வர்றேன்.

அண்ணனுக்கு போன் பண்ணினேன். பணம் வந்திருக்குன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. "ஆமா தம்பி, லிஸ்ட்ல பேரு இருக்குன்னு பார்த்தேன்"னார். அப்பாவோட பட்டா, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸையெல்லாம் ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்ததே அவர்தானாம். முந்தின பொங்கலுக்கு அப்பா ஊருக்குப் போனப்போ கொடுத்து வெச்ச ஜெராக்ஸ். அதைக் கொடுக்கலைன்னா அந்த சர்வே நம்பரே லிஸ்ட்ல வராது. தான் நட்ட நெல்லுக்கான பணம் இன்னொருத்தர் அக்கவுண்டுக்குப் போறதுக்கான பேப்பரை, அவரே வரிசையில நின்னு கொடுத்திருக்கார். கொடுக்கும்போது அது தனக்குத் திரும்பி வரும்னு அவருக்கு ஒரு உறுதியும் கிடையாது.

முழுசா அவருக்கு அனுப்பினோம். அப்பா இதுல யோசிக்கவே இல்லை, அதைச் சொல்லணும். அண்ணன் பாதி போதும்னார். ஊர்ல பல இடத்துல அப்படித்தானாம், பாதிப் பாதி. சில இடத்துல உரிமையாளர் சொல்றதே இல்லை. அந்த வருஷக் குத்தகை நெல்லையும் வேண்டாம்னுட்டோம்.

அதுக்கு அப்புறம் அவர் ஒண்ணு கேட்டார். "பணம் சரிதான் தம்பி. அந்த அடங்கல்ல எம் பேரு வந்தா, சொசைட்டில பயிர்க்கடன் வாங்குவேன், இன்சூரன்ஸ் நானே கட்டிக்குவேன். ஐயாகிட்ட கேட்டுப் பாருங்களேன்." சொசைட்டி வட்டிக்கும் அவர் இப்போ வெளியில வாங்கற வட்டிக்கும் இருக்கிற வித்தியாசம், அந்த 16,200-ஐ விட வருஷா வருஷம் அவருக்குப் பெருசு. எனக்கு அதுவரைக்கும் இது தோணவே இல்லை. நான் ஒரு தடவை வந்த பணத்தைச் சரி பண்ணிட்டோம்னு திருப்தியா இருந்தேன்.

அப்பாகிட்ட கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூணு பசலியா கேட்டுட்டு இருக்கேன். வக்கீல் ஒருத்தரைப் பார்த்தோம். எழுத்துல வெச்சா என்ன ஆகும், வெக்காட்டி என்ன ஆகும்னு அவர் பொறுமையா சொன்னார். அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். "அவன் நல்லவன்டா, அவன் மேல எனக்கு சந்தேகமே இல்லை"ங்கிறார். "அப்போ கையெழுத்துப் போடுங்க"ன்னா, "உங்க தாத்தா நிலம்டா அது"ங்கிறார். அந்த ஃபார்ம் எங்க வீட்டு ஷோகேஸ்ல, மின்சார பில்லுங்களோட இருக்கு. அடுத்த பசலி ஜூலை 1-ல ஆரம்பிக்குது.

உங்க வீட்டுலயும் ஊர்ல நிலம் இருந்தா, அதை யார் பார்க்கறாங்க, அடங்கல்ல யார் பேர் இருக்குன்னு கேட்டுப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல 2018 கஜா புயலுக்கு அப்புறம் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைக்குக் கொடுத்த நிவாரணத்தைப் பார்ப்போம். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, அந்தக் கணக்கு தனிக் கதை.